இல்லாத தென்னை மரம்

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் யாரும் இதற்குக் கீழே வாங்கி நான் பார்த்ததில்லை. வெப்பநிலைமானியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கும் இருபத்தைந்து. காய்ச்சலோடு வந்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துத் தூங்கிப்போனவளுக்கும் இருபத்தைந்து. "பாவம், பிள்ளைங்க" என்று ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வோம். எழுத்துத் தேர்வில் என்ன கிழிக்கப்போகிறார்களோ, இதிலாவது முழுசாகப் போட்டுவிடுவோம் என்பது அந்தப் பாவத்துக்கு விளக்கவுரை. நானும் பல வருடம் பாவம் பார்த்தவள்தான். இப்போது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

செஞ்சியில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அவலூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ். கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பச்சை மிளகாய் என்பதும் தெரியும். வைத்தவள் யாரென்று தெரிந்தும் விட்டுவிட்டேன், பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. எங்கள் ஆய்வகம் மாடியில் கடைசி அறை. மேற்கே பார்த்து மூன்று ஜன்னல்கள். மூன்றிலும் செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலைதான் தெரியும். வேறு எதையும் பார்க்க முடியாத அளவுக்கு மலை.

செய்முறைத் தேர்வில் குவிலென்சின் குவியத் தூரம் காண்பது என்று ஒரு சோதனை உண்டு. தூரத்தில் இருக்கும் ஒரு பொருளின் பிம்பத்தை லென்ஸ் வழியாக வெள்ளைத் திரையில் விழவைக்க வேண்டும். பிம்பம் தலைகீழாக விழும். திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே பளிச்சென்று தெரிகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். லென்சுக்கும் திரைக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தால் அதுதான் குவியத் தூரம். பத்து நிமிட வேலை. முதல்முறை செய்து பார்க்கிற பிள்ளைக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு மலையையே கவிழ்த்துக் காகிதத்தில் பிடிக்கிறோம் இல்லையா?

ஆனால் எங்கள் பள்ளியில் யாரும் மலையைப் பிடித்ததில்லை. காரணம், ரெக்கார்டு நோட்டு. சோதனைகளை எல்லாம் செய்து, அளவுகளை எழுதி, படம் வரைந்து கொடுக்க வேண்டிய நோட்டு அது. செய்துவிட்டு எழுத வேண்டியதைச் செய்யாமலே எழுதுவதுதான் வழக்கம். போன வருட அக்காவின் நோட்டைப் பார்த்து இந்த வருடத் தங்கை எழுதுவாள். அந்த அக்கா அதற்கு முந்தைய அக்காவைப் பார்த்து எழுதியிருப்பாள். விளையாட்டுப் பீரியடில் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு நோட்டை நடுவில் விரித்து வைத்து, ஆறு பேர் ஒரே நேரத்தில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல அத்தனை ஒழுங்கு.

அந்த நோட்டுகளில் லென்ஸ் சோதனைக்கு இப்படி இருக்கும்: தொலைவில் உள்ள பொருள், தென்னை மரம். முதல் அளவு 20.1. இரண்டாவது 19.9. மூன்றாவது 20.0. சராசரி 20 சென்டிமீட்டர். பள்ளிச் சுற்றுச்சுவர் மூலையில் ஒரு தென்னை இருந்தது உண்மைதான். ஒரு புயலில் அது விழுந்து பல வருடம் ஆகிறது. அடிக்கட்டையைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டு அங்கே சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போட்டுவிட்டார்கள். ஜன்னல் நிறைய மலை நிற்கிறது, பிள்ளைகள் இல்லாத தென்னையை லென்சில் பார்த்ததாக எழுதுகிறார்கள். நான் அதன்கீழ் சிவப்பு மையில் 'நன்று' போட்டு, கையெழுத்தும் போடுகிறேன். வருடா வருடம் போட்டேன்.

இந்த லட்சணத்தில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேறு. அறிவியல் செயல்முறைத் திறன்களை மதிப்பிடுவது எப்படி என்று தலைப்பு. உற்றுநோக்கல், அளவிடல், வகைப்படுத்தல், ஊகித்தல், முடிவுக்கு வருதல் என்று பயிற்சியாளர் திரையில் காட்டிக் காட்டிப் படித்தார். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்து, ஏற்றிவைத்து, கண்ணால் பார்ப்பதில் பத்து விஷயங்களை எழுதச் சொன்னார். தீப்பெட்டி இல்லை. வெளியே போய் வாங்கி வரவும் யாரும் எழுந்திருக்கவில்லை. "எரியறதா நெனச்சிக்கிட்டு எழுதுங்க" என்றார். நாற்பது ஆசிரியர்கள் எரியாத மெழுகுவர்த்தியைப் பார்த்து, சுடர் மஞ்சளாக இருக்கிறது என்று எழுதினோம். கடைசியில் திறன் மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று தந்து, டிக் அடித்துத் தரச் சொன்னார்கள். பக்கத்து ஆசிரியர் என் தாளைப் பார்த்து அடித்தார். நான் முன்வரிசைக்காரரைப் பார்த்து அடித்தேன். பிள்ளைகள் காப்பி அடிக்கிறார்கள் என்று கத்துவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

இதையெல்லாம் சொல்வது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அவள் நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் சொல்வாள், கொஞ்சம் நெல், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கொஞ்சம் என்று சொந்த நிலம். இரண்டாவது பெஞ்சு. அதிகம் பேசமாட்டாள். பரீட்சையில் நடுவாந்திரமாக வாங்குகிறவள். ஆசிரியர்களுக்கு நினைவில் நிற்காத வகை என்று சொல்லலாம். எனக்கு நின்றது ஒரு பதிலால்.

ஒரு நாள் பாடத்துக்கு நடுவே, ஒரு பயிர் அறுவடைக்கு வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். தேதி பார்ப்போம், நாள் எண்ணுவோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவள் எழுந்து, "நைனா நாலஞ்சி எடத்துல செடியப் புடுங்குவாரு டீச்சர். மல்லாட்டைய ஒடச்சி ஓட்டுக்கு உள்பக்கம் பாப்பாரு. வெள்ளையா இருந்தா வுட்டுடுவாரு. கறுத்திருந்தா ஆள் வுட்டுப் புடுங்கலாம். ஆனா வாய்க்கா ஓரத்துச் செடிய மட்டும் பாத்துச் சொல்லக்கூடாது, அது தண்ணி குடிச்சிட்டு வேற மாதிரி இருக்குது" என்றாள்.

அந்தப் பயிற்சியில் நாள் முழுக்கத் திரையில் ஓட்டியது எல்லாம் இந்த நான்கு வரியில் இருந்தது. பல இடத்தில் பார்க்க வேண்டும், உடைத்துப் பார்க்க வேண்டும், ஏமாற்றுகிற மாதிரியை ஒதுக்க வேண்டும், பிறகு முடிவுக்கு வர வேண்டும். நான் என்ன செய்தேன்? "வெரி குட், உக்காரு" என்றேன். பாடப் புத்தகத்தைத் திருப்பி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது.

பொதுத்தேர்வுக்கான செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, பள்ளியிலேயே ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். நாற்பது பிள்ளைகள், ஆய்வகத்தில் ஏழு மேசை, நான் ஒருத்தி. ஒரு பக்கம் ஒருத்தி அமிலத்தைக் கொட்டிவிட்டு அழுகிறாள். இன்னொரு பக்கம் அளவுகோலுக்குச் சண்டை. அந்தக் களேபரத்தில் சிங்கவரத்துப் பெண் நடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் லென்ஸ். மேசைமேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிய அட்டை. அதை ஒட்டி அளவுகோல். குனிந்து குனிந்து பார்க்கிறாள், அட்டையை நகர்த்துகிறாள், மறுபடி பார்க்கிறாள். லென்ஸ் சோதனை விழுந்த மற்ற பிள்ளைகள் ஜன்னல் பக்கமே போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தென்னையையும் இருபதையும் எழுதி முடித்திருந்தார்கள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். தொலைவில் உள்ள பொருள், ராஜகிரி மலை. அளவுகள் 15.0, 14.8, 15.2. குவியத் தூரம் 15 சென்டிமீட்டர்.

நான் யோசிக்கவே இல்லை. சிவப்புப் பேனாவால் பதினைந்தை அடித்துவிட்டேன். அளவுகோலின் ஆரம்பத்தைச் சரியாக வைத்திருக்க மாட்டாய், திரும்பச் செய் என்றேன். செய்தாள். பத்து நிமிடம் கழித்து வந்து நின்றாள். மறுபடியும் பதினைந்து. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வகுப்பே கேட்கும்படி, "ஊருக்கெல்லாம் இருபது வருது, உனக்கு மட்டும் எப்பிடி பதினஞ்சு வரும்?" என்று கேட்டேன்.

"மலை பதினஞ்சுலதான் நல்லா தெரியுது டீச்சர். இருபதுல வச்சா கலங்கலா ஆவுது" என்றாள்.

"ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு மலைய வேடிக்க பாத்தா அப்பிடித்தான் ஆவும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை கிண்டல் பண்ணினால் சிரிக்க வேண்டும் என்பதும் அவர்கள் அக்காக்களைப் பார்த்துக் கற்றதுதான். அவள் தாளில் இருபத்தைந்துக்குப் பதினாறு போட்டேன். வகுப்பில் முழு மதிப்பெண் வாங்காதவள் அவள் ஒருத்திதான். தாளை வாங்கிக்கொண்டு, நான் அடித்த இடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு லென்சுகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். 'கலங்கலா ஆவுது' என்ற சொல் காதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பொய் சொல்கிற பிள்ளை இருபது என்றுதான் சொல்லும். அதுதானே லாபம்? பதினைந்து என்று சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். அது போனால் போகிறது என்று லென்சை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அட்டையை நகர்த்தினேன். மங்கலாக ஒரு கறுப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையாகி, திடீரென்று ராஜகிரி காகிதத்தில் தலைகீழாகத் தொங்கியது. உச்சியில் இருக்கும் கட்டடம்கூட நகக்கண் அளவுக்குத் தெளிவாகக் கீழ்நோக்கி நின்றது. அளவுகோலைப் பார்த்தேன். பதினைந்து. அடுத்த லென்ஸ், அதுவும் பதினைந்து. மூன்றாவதும் பதினைந்து. பெட்டி மூடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். '20 செ.மீ.' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு, ஜன்னலைச் சாத்த மறந்துபோன ஒரு சனி, ஞாயிறில் கோட்டைக் குரங்குகள் ஆய்வகத்துக்குள் புகுந்து ஒரு ஆட்டம் ஆடியிருந்தன. லென்ஸ் பெட்டியைக் கவிழ்த்து அத்தனையையும் உடைத்துவிட்டன. புது லென்சுகள் வாங்கத் திண்டிவனம் போனவள் நான்தான். இருபது இருப்பில் இல்லை, பதினைந்துதான் இருக்கிறது, லென்ஸ் லென்ஸ்தானே என்று கடைக்காரர் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கொண்டுவந்து அதே பெட்டியில் வைத்தேன், சீட்டை மாற்றவில்லை. குரங்கு உடைத்ததாவது குரங்கு என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு நான்கு வருடம் அத்தனை நோட்டிலும் இருபதுக்கு 'நன்று' போட்டது குரங்கு இல்லை.

நான்கு வருடத்தில் ஒரு பிள்ளைகூட அந்த லென்சை எடுத்து அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை. வெளியிலிருந்து தேர்வாளராக வந்து போனவர்கள் ஒருவரும் அளக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்திருக்கிறோம், ஒரு பெண் சோற்றைக் கிளறிவிட்டாள். அவளை வகுப்பு முன்னால் நிற்கவைத்து மற்றவர்களைச் சிரிக்கவைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மழையில் நனைந்து வரும் பிள்ளைக்குத் தன் துண்டை எடுத்துக் கொடுக்கிறவர். முழுதும் கேட்டுவிட்டு, ரெக்கார்டுகளை எல்லாம் திருத்துவது நடக்கிற காரியமா என்றார். அத்தனை நோட்டிலும் வெள்ளை மை பூசியிருந்தால் வருகிற தேர்வாளர் என்ன நினைப்பார், போன வருடங்களைப் பற்றி யாராவது தோண்டினால் யார் பதில் சொல்வது என்றார். பிறகு, ஒரு பெரிய சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவர்போல முகம் தெளிந்து சொன்னார்.

"நாலு லென்ஸ் இருபதுல வாங்கி வச்சிடுங்க டீச்சர். ரெக்கார்டுக்கு ஏத்த மாதிரி லென்ஸ் இருந்துட்டுப் போவட்டும்."

செருப்புக்குத் தகுந்தாற்போல் காலை வெட்டுவது என்பார்களே, அதை முதன்முறையாக நேரில் கேட்டேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. இன்னும் வெட்கக்கேடு, நான் வெளியே வந்து திண்டிவனம் கடைக்குப் போன் செய்து பார்த்தேன். வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதனால்தான் லென்ஸ் மாறாமல் தப்பித்தது, என் நேர்மையால் இல்லை. தேர்வு முடிகிறவரை பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம், யாரிடமும் இதைப் பேசாதீர்கள் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டினேன்.

அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம். தினமும் நினைத்தேன். ஒரு நாள் சைக்கிள் கொட்டகை வரை அவள் பின்னால் போனேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள் என்று திரும்பிவிட்டேன். இன்னொரு நாள் வராந்தாவில் தனியாக எதிரே வந்தாள். ரெக்கார்டில் படத்துக்குக் குறியீடு போட்டாயா என்று எதையோ கேட்டு அனுப்பிவிட்டேன். தலைமை ஆசிரியை சொன்னதற்குக் கட்டுப்பட்டேன் என்று இப்போது சொன்னால் அது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் போய், நீ சரி, நான் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். கோபப்பட வாய் எப்போதும் வரும்.

அதற்குப் பதிலாக ஒரு குறுக்கு வழி யோசித்தேன். தேர்வு நாளில் எந்த எண்ணுக்கு எந்தச் சோதனை என்று பட்டியல் போடுவது நான்தான். அவள் எண்ணுக்கு நேராக லென்ஸ் சோதனையைப் போட்டேன். அவள் அளப்பாள், பதினைந்து என்று எழுதுவாள். நான் தேர்வாளரைக் கூட்டிப் போய் அளக்கவைத்து, எல்லார் முன்னாலும் இதுதான் சரியான விடை என்று நிரூபித்து, முழு மதிப்பெண் வாங்கித் தருவேன். அவளுக்குச் செய்த அநியாயம் அப்படியே நேராகிவிடும். என் வாயால் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. இந்தத் திட்டத்தை நினைத்து நான் பெருமைகூடப் பட்டேன்.

தேர்வு நாளும் வந்தது. தேர்வாளர் வேறொரு பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற ஒரு வருடமோ என்னவோ இருக்கிறவர். காலையில் வடை, காபி. மத்தியானத்துக்குப் பிரியாணி சொல்லியாகிவிட்டது. தேர்வு ஆரம்பித்துக் கால் மணிகூட ஆகவில்லை, மதிப்பெண் பட்டியலை விரித்து மேலிருந்து கீழே பென்சிலில் இருபத்தைந்து, இருபத்தைந்து என்று போட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் அப்போதுதான் சோதனைக் குழாயைக் கையில் எடுத்திருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சார், கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். லென்ஸ் கதை முழுவதையும் பிள்ளைகளுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னேன். ஒரு பெண் பதினைந்து என்று எழுதுவாள், அதுதான் சரி, மற்றவர்கள் எழுதும் இருபது தப்பு, அதைத் தப்பென்றே போட வேண்டும் என்றேன். அவர் பதறிப்போனார்.

"எதுக்கு டீச்சர் டென்ஷன்? பதினஞ்சு எழுதின பொண்ணுக்கும் முழுசா போட்டுடலாம், இருபது எழுதின பொண்ணுக்கும் முழுசா போட்டுடலாம்."

சரியாகச் செய்தவளுக்கும் செய்யாதவளுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் எதற்கு சார் தேர்வு, எதற்கு நீங்கள், எதற்கு நான் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை மிளகாய் வெளி ஆளிடமே காரத்தைக் காட்டுகிறது என்று நினைத்திருப்பார்கள். மேசையில் மீதியிருந்த லென்ஸ் ஒன்றை அவர் கையில் திணித்து, ஓரத்து ஜன்னலுக்கு அழைத்துப் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். அட்டையை நகர்த்தினார். மலை வந்து விழுந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. இதைச் செய்து பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று முணுமுணுத்தார். அளவுகோலைப் பார்த்து, பதினைந்துதான் என்று அவரே மெதுவாகச் சொன்னார்.

அதே நேரம் நடு ஜன்னலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் செய்த மாதிரியே குனிந்தாள், நகர்த்தினாள், நிறுத்தினாள், அளவுகோலைப் பார்த்தாள். மூன்று தடவை செய்தாள். அறையில் அளந்தவள் அவள் மட்டும்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும், தேர்வாளரிடம் அதோ அந்தப் பெண்தான் என்று காட்டினேன்.

நேரம் முடிந்தது. தாள்களை வாங்கினேன். அவளுடையதை முதலில் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

தொலைவில் உள்ள பொருள், தென்னை மரம். அளவுகள் 20.1, 19.9, 20.0. குவியத் தூரம் 20 சென்டிமீட்டர். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. முத்து முத்தான எழுத்து.

தேர்வாளர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவளைக் கூப்பிட்டேன். உனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். பதினஞ்சு டீச்சர் என்றாள். பிறகு ஏன் இருபது என்று எழுதினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தேர்வாளரை ஒரு முறை பார்த்தாள். அவர் இருக்கும்போது சொல்லலாமா என்று யோசித்தாள் போலும். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பதினஞ்சு வரும்னு தெரியும் டீச்சர். இருபது எழுதணும்னும் தெரியும்."

தேர்வாளர் சிரித்துவிட்டார். பிழைக்கத் தெரிந்த பெண் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பிழைப்பை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவர் இல்லையே. வாய்க்கால் ஓரத்துச் செடியை நம்பக்கூடாது என்று தெரிந்தவளிடம், உன் கண்ணை நம்பாதே என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தவள் நான்.

அப்போதுதான் அந்தப் பத்து நாளும் வராத வாய் வந்தது. தேர்வாளர் முன்னாலும், மிச்சம் நின்ற பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். அன்றைக்கு நீ எழுதியதுதான் சரி, பெட்டியில் இருப்பது பதினைந்து சென்டிமீட்டர் லென்ஸ்தான், தப்பு என்னுடையது, உன்னைத் திட்டியது அநியாயம் என்றேன். ஒரு புதுத் தாள் தருகிறேன், நீ பார்த்ததை எழுதிக் கொடு என்றும் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்களுக்கு இது எப்ப தெரியும் டீச்சர்?"

"அன்னிக்கி சாயங்காலமே தெரியும்" என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பிறகு, "பத்து நாளாச்சி டீச்சர்" என்றாள்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அளந்து சொல்கிற குரல். புதுத் தாளை நீட்டினேன். வேணாம் டீச்சர், நைனா இன்னிக்கி மல்லாட்டைக்குத் தண்ணி கட்டறாரு, சீக்கிரம் வரச் சொன்னாரு என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தென்னை இருந்த இடத்துக் கொட்டகையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள், மலைப்பக்கம்கூடத் திரும்பவில்லை.

தேர்வாளர் பென்சில் எண்களின்மேல் பேனாவை ஓட்டினார். அவள் எண்ணுக்கு நேராகவும் இருபத்தைந்துதான். தப்பான விடைக்கு முழு மதிப்பெண் போடக்கூடாது என்று காலையில் கத்தியவள் நான். இப்போது அதைச் சொன்னால் வெட்டு விழுவது யார் தலையில்? அறையில் அளந்து பார்த்த ஒரே பெண்ணின் தலையில். அவர் கையெழுத்துப் போட்டு, பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். நானும் போட்டேன்.